உங்களுக்குத் தெரியுமா? டைனோசர் பார்த்த மரத்துக்கு நம் மலையில் ஒரு குழி!

இலங்கையில் முதல் தேயிலைத் தோட்டம் போட்டது 1867இல். லூல்கந்துரவில் வெறும் 19 ஏக்கர்! நமக்கு அதுவே தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக் கதை. ஜிங்கோ என்று ஒரு மரம் இருக்கிறது. அந்த இனம் பூமியில் வேர்விட்டு எத்தனை வருஷம் தெரியுமா? 17 கோடி!

டைனோசர்கள் அந்த மரத்தைப் பார்த்திருக்கின்றன. டைனோசர்கள் அழிந்து 6 கோடியே 60 லட்சம் வருஷம் ஆகிவிட்டது. மரம் மட்டும் அப்படியே நிற்கிறது!

மாமரத்துக்குக் கஜு மரம் சொந்தம். தேயிலைக்குக் கமேலியாப் பூச்செடி சொந்தம். ஜிங்கோவுக்கு அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா என்று யாருமே இல்லை! அதன் குடும்பத்தில் அது ஒன்றுதான். குடும்பத்துக்கு மேலே உள்ள வரிசையிலும் அது ஒன்றுதான். அதற்கும் மேலே உள்ள பெரும்பிரிவிலும் அது ஒன்றேதான்!

இலையைப் பார்த்தால் விட மாட்டீர்கள். விரித்த விசிறி மாதிரி இருக்கும். நடு நரம்பே கிடையாது! ஒரு நரம்பு இரண்டாகப் பிரியும், அந்த இரண்டும் மறுபடி இரண்டிரண்டாகப் பிரியும். ஓரம் வரைக்கும் அதே கணக்கு!

இதைப் பார்க்க ஜப்பானுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் ஒரு ஜிங்கோ நிற்கிறது! மக்கைவர் என்ற தோட்டக்கலை வல்லுநர் 1848இல் அமைக்கத் தொடங்கிய பூங்கா அது. அதே பூங்காவில் கல்லாகிப் போன ஒரு மரத்தண்டும் கிடக்கிறது. அதன் வயது 2 கோடி வருஷம் என்கிறார்கள். செத்துக் கல்லானது ஒரு மரம். அதைவிடப் பழைய இனத்து மரம் பக்கத்திலேயே துளிர்விட்டுக்கொண்டிருக்கிறது!

ஊட்டி நமக்கு அந்நியமா என்ன? 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் தோட்ட மக்களில் இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் என்று அதில் எழுதிய எண்ணிக்கை 5,25,000! தலைமன்னாரில் கப்பலேறிய தோட்டத்துக் குடும்பங்களில் எத்தனையோ ஊட்டி இருக்கிற நீலகிரியில்தான் போய் இறங்கின. அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. உங்கள் சின்னம்மா பிள்ளைகள் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கிறார்களா? இன்றைக்கே ஒரு கோல் எடுங்கள். ஊட்டிப் பூங்காவுக்குப் போய் அந்த மரத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்!

'ஜிங்கோ' என்ற பெயரே ஓர் எழுத்துப் பிழை! ஜெர்மன் மருத்துவர் கெம்ப்ஃபர் 1690இல் ஜப்பானுக்குப் போனார். அங்கே கேட்ட பெயர் 'ஜின்க்யோ'. 1712இல் அவர் புத்தகம் அச்சாகி வந்தபோது நடுவில் ஓர் எழுத்து மாறிப்போயிருந்தது. 1771இல் லின்னேயஸ் அந்தப் பிழையையே அறிவியல் பெயராக வைத்துவிட்டார். 250 வருஷமாக உலகமே பிழையோடு கூப்பிடுகிறது!

சீனாவில் இதற்கு இன்னொரு பெயர் உண்டு: தாத்தா – பேரன் மரம். தாத்தா நட்டால் பேரன்தான் கொட்டை பொறுக்குவான். விதை போட்டு வளர்த்த மரம் காய்க்க 20 முதல் 35 வருஷம்!

பாரிஸ்காரர் ஒருவர் லண்டனுக்குப் போனார். ஒரு தோட்டக்காரருக்கு நல்ல விருந்து வைத்தார். விருந்து மயக்கத்தில் அந்தத் தோட்டக்காரர் ஐந்து ஜிங்கோ கன்றுகளை 25 கினிக்குக் கொடுத்துவிட்டார். விடிந்தது. தலை தெளிந்தது. ஓடி வந்து கெஞ்சினார்: "ஒரே ஒரு கன்றைத் திருப்பிக் கொடுங்கள், அதற்கே 25 கினி தருகிறேன்!" பாரிஸ்காரர் அசையவில்லை. 1780ஆம் ஆண்டுக் கதை என்று சொல்வார்கள். கன்று ஒன்றுக்கு விழுந்த அந்த விலையை வைத்துத்தான் பிரான்சில் இன்றைக்கும் இதற்கு 'நாற்பது வெள்ளிக்காசு மரம்' என்று பெயர்!

இனி நான் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்தது. சற்று நிதானமாகக் கேளுங்கள்.

டோக்கியோவின் கொய்ஷிகாவா தாவரவியல் பூங்காவில் ஹிராசே என்று ஒருவர் இருந்தார். பெரிய பேராசிரியர் இல்லை. படம் வரைகிற உதவியாளராகச் சேர்ந்தவர். அங்கே ஒரு பெண் ஜிங்கோ நின்றது. அவர் வருஷக்கணக்கில் அந்த மரத்தின் சூலைப் பறித்து, மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1896 செப்டெம்பரில் ஒரு நாள் பார்த்தால், உள்ளே ஏதோ நீந்துகிறது! ஒரு மரத்தின் விந்தணு மீன் குஞ்சு மாதிரி நீந்துகிறது! அதன் மேல் ஏறக்குறைய 1,000 நுண்வால்கள்!

உலகத்தில் விதை தருகிற எந்த மரத்திலும் அதுவரை ஒருவரும் இதைப் பார்த்ததில்லை!

மகரந்தம் வசந்தத்தில் காற்றில் வந்து சூலுக்குள் புகும். புகுந்து நான்கைந்து மாதம் சும்மா காத்திருக்கும். பிறகுதான் நீச்சல்! மறுவருஷமே ஹிராசே அந்த வேலையை விட்டுப் பள்ளிக்கூட ஆசிரியராகப் போனார். 1912இல் ஜப்பான் கழகத்தின் பேரரசர் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர் பார்த்த மரம் இன்றைக்கும் அதே பூங்காவில் நிற்கிறது!



நீந்துகிற விந்தணு உள்ள இன்னொரு செடி நம் ஊரிலேயே உண்டு. வீட்டு வாசலில், ஹோட்டல் முற்றத்தில், பனங்கன்று மாதிரி விறைப்பான ஓலையோடு நிற்கிறதே, சைகஸ்! சிங்களத்தில் மடு என்கிறார்களே, அந்தச் சாதி. அதன் நீச்சலைக் கண்டதும் 1896இல்தான். கண்டவர் ஹிராசேயோடு வேலை பார்த்த இக்கெனோ!

புத்தளத்துக்குப் பக்கத்தில் தப்போவ என்று ஓர் இடம். அங்கே பாறையை உடைத்தால் ஜுராசிக் காலத்துச் செடிகளின் அச்சு கிடைக்கிறது! டைனோசர் காலத்து இலைகள் நம் தீவின் கல்லுக்குள்ளேயே இருக்கின்றன!

ஜிங்கோவுக்கே திரும்புவோம். 1945 ஆகஸ்ட் 6. ஹிரோஷிமா. அணுகுண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழேயிருந்து 1,130 மீட்டர் தூரத்தில் ஹொசென்போ விகாரை. விகாரை தரைமட்டமானது. முற்றத்து ஜிங்கோ கருகியது. செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது துளிர்த்தது! விகாரையைத் திரும்பக் கட்டியபோது மரத்தை வெட்டவில்லை. மரத்துக்கு வழிவிட்டுப் படிக்கட்டைக் கட்டினார்கள்! ஹிரோஷிமாவில் குண்டுக்குத் தப்பிய மரங்கள் 160க்கும் மேல். ஜிங்கோ மட்டும் ஆறு! அந்த மரங்களின் விதைகள் இப்போது நாடு நாடாகப் போய் முளைக்கின்றன.

கமாகுரா நகரத்துக் கோயிலில் ஏறக்குறைய 1,000 வருஷத்து ஜிங்கோ ஒன்று இருந்தது. 2010 மார்ச் 10 அதிகாலை, காற்றில் வேரோடு சாய்ந்தது. ஊரே அழுதது. சில வாரத்தில் அடிக்கட்டையில் பச்சைத் துளிர்!

600 வயது ஜிங்கோவும் 20 வயது ஜிங்கோவும் நோயை எதிர்ப்பதில் ஒன்று போலவே இருக்கின்றன! 2020இல் சீன விஞ்ஞானிகள் 15 வயதிலிருந்து 667 வயது வரையுள்ள மரங்களைச் சோதித்துக் கண்டது இது. வருஷ வளையம் மெலிகிறது. ஆனால் மூப்பின் அடையாளத்தைக் காணோம்!

மனித உடலின் மரபணுத் தொகுதியில் 300 கோடி எழுத்து. ஜிங்கோவுக்கு ஏறக்குறைய 1,000 கோடி!

1869இல் நம் கோப்பியைச் சாப்பிட்டு முடித்தது ஒரு பூஞ்சணம். 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு மருந்து அடிக்கிற வாசம் தெரியாமல் இருக்காது. ஜிங்கோவை அப்படிப் பெரிதாகத் தாக்குகிற பூச்சியும் இல்லை, நோயும் இல்லை! பழைய புத்தகத்தில் பூச்சி அரிக்காமலிருக்க இதன் இலையைத்தான் நடுவில் வைப்பார்கள்!

சரி, நம் மலையில் வளருமா? அதைத்தானே கேட்கிறீர்கள்!

100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.65 பாகை குளிரும். ஊட்டி 2,240 மீட்டர். பதுளை டவுன் 680 மீட்டர். வித்தியாசம் 10 பாகை! அதனால் டவுனில் ஆசைப்படாதீர்கள். இந்த மரத்துக்கு வருஷத்தில் ஒருமுறை குளிர்த் தூக்கம் வேண்டும். ஆனால் நமுனுகுலை என்றால் ஒன்பது சிகரம், உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும்! ஸ்பிரிங்வெளிக்காரர்களே, நீங்கள் அந்த மலைச் சரிவில்தான் இருக்கிறீர்கள். மேலே போகப் போக உங்கள் பக்கம்தான் வாய்ப்பு. அப்புத்தளைக்காரர்களும் வெலிமடை மேட்டுக்காரர்களும் கூடக் கை தூக்கலாம்!

இலை தங்கமாக மாறுகிற அழகை மட்டும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அதற்குக் குளிர்ந்த இலையுதிர்காலம் வேண்டும். குளிர் நாட்டில் ஒரு கடும்பனி விழுந்த மறுநாள், சில மணி நேரத்திலேயே மரத்தின் மொத்த இலையும் கொட்டிவிடும்!

வெளிநாட்டிலிருந்து வருகிற மாமா பெட்டிக்குள் விதையையோ கன்றையோ மறைத்துக் கொண்டுவரக் கூடாது! 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டுநாயக்கவில் தேசிய தாவரத் தொற்றுத்தடைகாப்பு நிலையம் இருக்கிறது. அனுமதி எடுத்து, அந்த நாட்டுச் சுகாதாரச் சான்றிதழோடு கொண்டுவாருங்கள். கோப்பியை அழித்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு தூள்தான். மறந்துவிடாதீர்கள்!

விதை கிடைத்ததா? முதலில் தண்ணீரில் போடுங்கள். மிதப்பதை வீசுங்கள். மூழ்குவதை வையுங்கள். ஈர மணலில் கலந்து ஒன்றிரண்டு மாதம் வெளியில். அப்புறம் இரண்டு மாதம் ஃபிரிட்ஜில்! ஆமாம், கறிவேப்பிலைக்குப் பக்கத்தில்தான்! அந்தக் குளிர் பட்டால்தான் உள்ளே இருக்கிற கரு "மாரி முடிந்தது" என்று நம்பி எழும்பும். பிறகு பையில் இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். முளைக்க ஒன்றிரண்டு மாதம். தேயிலைத் தவறணையில் கூரை போடுவது போல முதல் வருஷம் அரை நிழல். அதற்கு அப்புறம் முழு வெயில்!

தேயிலை மண்ணின் புளிப்பு பீ.எச். 4.5 முதல் 5.5 வரை. ஜிங்கோவுக்கு அது சற்றுக் கூடுதல். தேயிலை மலைக்குப் போடுகிற அதே டொலமைட்டில் ஒரு பிடியைக் குழி மண்ணில் கலந்துவிடுங்கள்!

எப்போது நடுவது? ஊவாவில் ஒக்டோபர் மழை தொடங்கியதும்! ஜனவரி வரைக்கும் வானமே தண்ணீர் ஊற்றும். ஜூனில் கச்சான் காற்று வருவதற்குள் வேர் பிடித்துவிடும். காற்றுக்கு ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். மானாப்புல்லை வெட்டி அடியில் பரப்புங்கள். தண்டில் படாமல் நான்கு அங்குலம் தள்ளியே பரப்புங்கள்!

இந்த மரத்தைக் கொல்வது வெயில் இல்லை, குளிர் இல்லை, புகை இல்லை. நம் பாசம்தான்! பீலித் தண்ணீர் பக்கத்திலேயே ஓடுகிறது என்று தினமும் வாளி வாளியாக ஊற்றினால் வேர் அழுகிவிடும். முதல் இரண்டு வருஷம் வறட்சியில் வாரத்துக்கு ஒருமுறை ஆழமாக ஊற்றினால் போதும். குழியில் தண்ணீர் தேங்கினால் உடனே கான் வெட்டி விடுங்கள்!

கவ்வாத்தா? வேண்டாம்! தேயிலை என்பதே உண்மையில் ஒரு மரம், விட்டால் 10 மீட்டருக்கு மேலே போகும். கத்தியால்தான் இடுப்பளவில் நிற்கிறது. ஜிங்கோவை அப்படி நடத்தாதீர்கள். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசுகிற கிளை, அவ்வளவுதான். அதுவும் இலை இல்லாத நேரத்தில்!

வருஷத்துக்கு ஓர் அடி வளர்ந்தால் நல்ல வளர்ச்சி. சில வருஷம் ஒன்றுமே வளராமல் சும்மா நிற்கும். பிடுங்கிப் பார்க்காதீர்கள்! அந்த நேரத்தில் அது கீழே வேரை இறக்கிக்கொண்டிருக்கும்.

7 பேர்ச் காணிதான் இருக்கிறதா? 177 சதுர மீட்டர். வீடு போக மிச்சம் கொஞ்சம்தான். 'பிரின்ஸ்டன் சென்ட்ரி' என்று ஒரு ரகம் இருக்கிறது. பக்கவாட்டில் விரியாமல் தூண் மாதிரி நேரே ஏறும்! அதுவும் இல்லையென்றால் பூச்சாடி. ஜிங்கோவைச் சாடியிலேயே பொன்சாயாகப் பரம்பரை பரம்பரையாக வைத்திருக்கிறார்கள் ஜப்பான்காரர்கள்!

ஆணா பெண்ணா? விதைக் கன்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது! பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண் மரத்துப் பழம் கீழே விழுந்து நசுங்கினால் கெட்டுப்போன வெண்ணெய் நாற்றம். காரணம் இரண்டுக்கும் ஒன்றே, பியூட்டிரிக் அமிலம்! சோல் நகரத் தெருக்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் ஜிங்கோ நிற்கிறது. பழக் காலத்தில் நகரசபை ஆள் வைத்துப் பழத்தைப் பொறுக்குகிறது! நாற்றமே வேண்டாம் என்றால் ஆண் மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிய கன்றை வாங்குங்கள்.

பழச்சதை கையில் பட்டால் தோல் கொப்பளிக்கும். கையுறை கட்டாயம்! உள்ளே இருக்கிற பருப்பை ஜப்பானிலும் சீனாவிலும் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆனால் கூடினால் நஞ்சு. பிள்ளைகளுக்கு வலிப்பே வரும்! சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பெண் மரமாக இருந்தால் விழுகிற பழத்தை அன்றன்றே கூட்டிப் புதைத்துவிடுங்கள்.

ஞாபகசக்திக்கு ஜிங்கோ மாத்திரை என்று பாமசியில் விற்கிறார்களே! அமெரிக்காவில் 75 வயது தாண்டியவர்களில் 3,069 பேரைச் சேர்த்து, ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 240 மில்லிகிராம் கொடுத்து, வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 2008இல் முடிவு வந்தது. மறதி நோயை அது தடுக்கவில்லை! இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிற அப்பாவுக்கு டொக்டரைக் கேட்காமல் இதைக் கொடுக்கவே கூடாது. இரத்தம் கசியும் ஆபத்து இருக்கிறது. இலையைப் பறித்து வீட்டிலே கஷாயம் போடுவதும் வேண்டாம்!

தெருத் தெருவாக நட்டு வளர்க்கிற இந்த மரம், காட்டில் தானாக வளர்வது உலகத்திலேயே சீனாவில் மட்டும்தான். அங்கேயும் அது அருகிவரும் இனங்களின் பட்டியலில்! மனிதன் கை வைத்து நட்டதால் பிழைத்த மரம் இது. அந்தக் கைகளில் நிறைய, விகாரை முற்றத்தில் கன்று நட்ட பிக்குகளுடைய கைகள். நம் அநுராதபுரத்து அரச மரமும் அப்படித்தானே! கிறிஸ்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டில் நட்டது. மனிதன் நட்ட மரங்களில், நட்ட காலம் தெரிந்தவற்றில், உலகிலேயே மூத்தது அதுதான்!

கன்று கிடைத்தவர்கள் இந்த ஒக்டோபரில் குழி வெட்டுங்கள். இரண்டடி ஆழம், இரண்டடி அகலம், வீட்டுச் சுவரிலிருந்து 20 அடி தள்ளி. நட்ட தேதியைச் சுவரில் எழுதி, பக்கத்தில் பேரன் பெயரையும் எழுதுங்கள். அவனிடம் இதையும் சொல்லி வையுங்கள்: முப்பது வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் வாசலில் கெட்ட வெண்ணெய் நாறினால், தாத்தா நட்டது பெண் மரம்!